'ஆம்' என்று டிக் போடுவதற்கு முன்

கேள்வி எண் 38: 'உங்கள் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் அவரவர் கையிலேயே இருக்கிறதா?' பக்கத்தில் இரண்டு கட்டம், ஆம், இல்லை. எங்கள் பொருளை வாங்கும் ஜெர்மன் வாடிக்கையாளர் அனுப்பிய படிவம் அது. 2019-இல் நான் யோசிக்காமல் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டேன். அன்று மாலையே கொசு மருந்து அடிக்கிற விஷயமாக எங்கள் ஹாஸ்டலுக்குப் போகவேண்டி வந்தது. வார்டன் டார்ச் லைட் எடுக்க டிராயரைத் திறந்தபோது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 26 பாஸ்போர்ட்டுகள் கிடந்தன. "ஏஜென்ட் வைத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. தொலைந்தால் யார் பதில் சொல்வது?" என்று அவர் என்னையே கேட்டார்.

அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது நம் மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் டிக் போட்டேன், ஏனென்றால் போய்ப் பார்க்கவில்லை.

பினாங்கு மாநிலத்தின் பிறையில் 140 பேர் வேலை செய்யும் ஓர் உலோக அச்சுத் தொழிற்சாலை எங்களுடையது. 61 பேர் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். சம்பளம், லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி), பெர்மிட், கேண்டீன் சண்டை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இப்போது இந்த 'மனித உரிமை, நிலைத்தன்மை' படிவங்களும். போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் செய்து, "அக்கா, 147 கேள்வி வந்திருக்கு, உங்க பதிலை அப்படியே அனுப்புங்க, காப்பி பண்ணிக்கிறேன்" என்றார். அனுப்பவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவத்தின் வேர் எங்கே?

முதலில் வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டத்துக்காக இதைக் கேட்கிறீர்கள்? பதிலைப் பொறுத்து உங்கள் வேலை மாறும்.

2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமை மன்றம் தொழில் நிறுவனங்களும் மனித உரிமையும் பற்றிய 31 கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் ஜான் ரகி தலைமையில் உருவானவை. அரசு பாதுகாக்க வேண்டும், நிறுவனம் மதித்து நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பதுதான் சாரம். அது சட்டமில்லை, கடைப்பிடிக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ரானா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபிறகு ஐரோப்பாவில் பேச்சு மாறியது. பிரான்ஸ் 2017-இல் பெரிய நிறுவனங்களுக்குச் சட்டம் போட்டது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் 3,000 ஊழியர்களுக்கு மேல் உள்ளவர்களுக்கும், அடுத்த ஆண்டு 1,000 பேருக்கு மேல் உள்ளவர்களுக்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தனியாக ஒரு சட்டம் இயற்றி, 2025-இல் அதை அமலாக்கும் தேதியைத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்த செய்தி வந்த அன்று எங்கள் தவ்கே (முதலாளி) என்னைக் கூப்பிட்டு, "பார்த்தாயா, எல்லாம் முடிந்தது" என்று சிரித்தார்.

முடியவில்லை. இந்தச் சட்டங்கள் நம்மைப்போன்ற 140 பேர் கம்பெனியை நேராகத் தொடாது. வாடிக்கையாளரைத் தொடும், அவர் ஒப்பந்தத்தின் வழியாக நம்மைத் தொடுவார். ஆனால் இன்னொரு வகைச் சட்டம் உண்டு. அது கம்பெனியின் அளவைப் பார்க்காது, பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கும். அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. கட்டாய உழைப்பில் செய்த பொருள் என்று நியாயமான சந்தேகம் எழுந்தாலே துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிடலாம். 2019-இலிருந்து 2022 வரை நம் நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைகள் சிலவற்றுக்கும், இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களுக்கும் நடந்தது அதுதான். ஐரோப்பாவிலும் அதேபோன்ற தடை 2027 டிசம்பர் 14-இலிருந்து அமலுக்கு வருகிறது. தவ்கேயிடம் இந்தத் தேதியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். சிரிப்பு நின்றது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நம் நாட்டுச் சட்டம் நிற்கிறது. 1955 வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 90பி பிரிவு இருக்கிறது. கட்டாய உழைப்புக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. "வெள்ளைக்காரன் நம்மை மிரட்டுகிறான்" என்று பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பிரிவைத்தான். படிவத்தில் வருகிற கேள்விகளில் முக்கால்வாசி நம் சட்டமே கேட்கிற கேள்விகள்.

மேசையைவிட்டு எழுந்திருங்கள்

படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் 'கா' அல்லது 'நே' என்று பென்சிலில் எழுதுவேன். காகிதத்தால் பதில் சொல்லக்கூடியது 'கா'. நேரில் போய்ப் பார்க்க வேண்டியது 'நே'. 'நே' கேள்விகளுக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் எழுதவே கூடாது.

ஹாஸ்டலுக்கு அளவு நாடாவோடு போங்கள். தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446-ஆம் எண் சட்டம் 2020 ஜூனிலிருந்து எல்லாத் துறைகளுக்கும் பொருந்துகிறது. டார்மிட்டரி என்றால் ஆளுக்கு 3 சதுர மீட்டர் தூங்குமிடம். கடைவீடு, தரைவீடு மாதிரி இடம் என்றால் 3.6. எங்கள் ஆட்கள் இருந்தது ஒரு கடைவீட்டு மாடி. அறை 4.2 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 12.6 சதுர மீட்டர். 3.6-ஆல் வகுத்தால் மூன்று பேர்தான். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். மெத்தை குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும், ஆளுக்கொரு பூட்டுள்ள அலமாரி வேண்டும், கழிவறை ஆறு பேருக்கு ஒன்று. தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் ஆட்களைத் தங்கவைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம். வாடகைக்கு எடுத்த வீட்டில் உரிமையாளர் வைத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பூட்டுள்ள அலமாரி வந்ததும் பாஸ்போர்ட் பிரச்சினை தானாகவே தீர்ந்தது. "தொலைந்துபோகும்" என்ற வார்டனின் கவலை பொய்யில்லை. பத்திரமாக வைக்க அவர்களுக்கு இடம் இல்லாததுதான் காரணம். சாவி அவர்களிடம், மாற்றுச் சாவி யாரிடமும் இல்லை. பெர்மிட் புதுப்பிக்க வாங்கும்போது கையெழுத்துப் புத்தகம் உண்டு, திருப்பிக் கொடுத்த தேதியும் எழுதப்படும்.

சம்பளச் சீட்டு

இது 'கா' கேள்வி மாதிரி தெரியும். ஆனால் கால்குலேட்டர் எடுத்துக் கணக்குப் போடாமல் நம்பாதீர்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்து 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக 12.26. ஏப்ரலில் நான் ஐந்து சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோது ஓவர்டைம் விலை 10.82 என்று இருந்தது. பழைய 1,500 வெள்ளிக் கணக்கு. அடிப்படைச் சம்பளத்தை மாற்றியவர்கள் மென்பொருளின் இன்னொரு பக்கத்தில் இருந்த ஓவர்டைம் விலையை மாற்ற மறந்துவிட்டார்கள். மணிக்கு 1.44 வித்தியாசம். மாதம் 60 மணி நேரம் செய்தவருக்கு 86 வெள்ளி 40 காசு குறைந்திருந்தது. யாரும் திட்டமிட்டுத் திருடவில்லை. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் தணிக்கைக்காரர் பார்த்தால் அதற்குப் பெயர் சம்பளப் பிடிப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளில் ஒன்று. பாக்கியை மே மாதச் சம்பளத்தோடு தனி வரியில் கொடுத்து, அந்தத் தாளைக் கோப்பில் வைத்தேன்.

வேலை நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் சட்டம் வாரம் 45 மணி நேர வேலையும், அதற்கு மேல் மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைமும் அனுமதிக்கிறது. வாடிக்கையாளர்களின் நடத்தை விதிகள் பெரும்பாலும் ஓவர்டைமையும் சேர்த்து வாரம் 60 மணிக்குமேல் போகக்கூடாது என்கின்றன. அப்படியென்றால் மாதம் 65 மணி நேர ஓவர்டைம்தான். நாம் சட்டப்படி சரியாக இருந்துகொண்டே படிவத்தில் தவறுவோம். இரண்டு எண்களையும் எழுதுங்கள். மலேசியச் சட்டப்படி இவ்வளவு, உங்கள் விதிப்படி இவ்வளவு, போன ஆறு மாதத்தில் எங்கள் உச்சம் இவ்வளவு என்று. எங்களுடையது ஒரு வாரம் 68 வரை போயிருந்தது. ஏன் என்று தேடிப் பார்த்தால், அதே வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை மாலை ஆர்டரை இரட்டிப்பாக்கி, பத்து நாளில் கப்பலேற்றச் சொன்ன வாரம் அது. அதையும் குறிப்புப் பத்தியில் எழுதினேன், மின்னஞ்சல் தேதியோடு. தவ்கே வேர்த்துப்போனார். ஆனால் பதில் மரியாதையாக வந்தது: இனி ஆர்டர் மாற்றத்துக்கு மூன்று வாரம் முன்னறிவிப்பு.

கடன்

இந்த வேலையின் நடு முள் இதுதான். மற்றதெல்லாம் பெயின்ட் அடித்தால், அலமாரி வாங்கினால் சரியாகிவிடும்.

'வேலைக்கு வரத் தொழிலாளர்கள் கட்டணம் செலுத்தினார்களா?' என்று படிவம் கேட்கும். ஆள் எடுத்துத் தரும் ஏஜென்ட்டிடம் கேட்டால் "இல்லை" என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவார். தொழிலாளரிடம் அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டாலும் "இல்லை" என்பார்கள். விமானம் ஏறுவதற்குமுன் அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருக்கிறார்கள், சில சமயம் கேமரா முன்னால் நிறுத்தி. நான் முதல் தடவை 61 பேரையும் கேட்டேன், 61 பேரும் இல்லை என்றார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறி வந்தவர். பெரிய கிராணி கேட்டால் "கடன் ஏதும் இல்லை துரை" என்றுதான் சொல்வாராம். கங்காணி பின்னால் நிற்பான் இல்லையா.

அதனால் கேள்வியை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டலில், தே தாரிக்கும் வடையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்புக்கு எங்கள் லைன் லீடரைக் கூட்டிப் போகவில்லை, அவர் ஏஜென்ட்டின் ஊர்க்காரர். வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தேன். கட்டணம் பற்றிக் கேட்கவே இல்லை. "வீட்டு நிலம் அடகில் இருக்கிறதா? மாதம் எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள்? முதல் முறை வீட்டுக்கு முழுச் சம்பளம் அனுப்பியது எந்த மாதம்?" என்று கேட்டேன். வங்காளதேசத்துக்காரர் ஒருவர், முப்பது வயது இருக்கும், நான்கு லட்சம் டாக்கா என்றார். கடன் அடைய இரண்டு ஆண்டு ஆனதாம். அதன்பிறகு மற்றவர்களும் பேசினார்கள். கடைசியில் 31 பேர் எழுதித் தந்தார்கள்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? கடன் இருக்கிறவர் வேலையை விட முடியாது, ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, புகார் கொடுக்க முடியாது. நாம் கதவைப் பூட்டவே தேவையில்லை. நேபாளத்தோடு 2018 அக்டோபரில் நம் அரசு செய்த ஒப்பந்தப்படி அங்கிருந்து ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. லெவியும் 2018-இலிருந்து முதலாளி கட்ட வேண்டியது, தொழிற்சாலை வேலைக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி. இதைச் சம்பளத்தில் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேறு பெயர் வைத்து. பிடித்தம் என்று எந்த வரி வந்தாலும் அது என்னவென்று கேளுங்கள்.

அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்குப் போட்டேன். நேபாளத்துக்காரர் 22 பேர், சராசரி 3,500 வெள்ளி. வங்காளதேசத்துக்காரர் 9 பேர், சராசரி 14,000. மொத்தம் 2,03,000 வெள்ளி. ரசீது இருக்கிறவர் யாரும் இல்லை, ஏஜென்ட் ரசீது கொடுப்பானா? ஒரே கிராமத்துக்காரர்கள், ஒரே ஆண்டில் வந்தவர்கள் சொன்ன தொகைகளை ஒப்பிட்டு நியாயமான ஒன்றை எழுதினோம். தவ்கே முதல் நாள் தாளைத் தூக்கிப் போட்டார். "நான் வாங்காத பணத்தை நான் ஏன் கொடுக்க வேண்டும்?" அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏஜென்ட்டுக்கு ஆளுக்கு இவ்வளவுதான் என்று பேரம் பேசிக் குறைத்தது நாம், மிச்சத்தை அவன் அவர்களிடம் வாங்கினான், அந்தக் குறைந்த விலையில் நாம்தான் லாபம் பார்த்தோம் என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு 24 தவணைக்கு ஒப்புக்கொண்டார். அந்தத் தாளை வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். முதலில் கைவிரித்தார்கள், மூன்றாவது கூட்டத்தில் கால் பங்கை ஏற்றுக்கொண்டார்கள். கேட்காமல் இருந்தால் அதுவும் வந்திருக்காது.

படிவத்தில் எப்படி எழுதுவது

'ஆம்' என்றால் அதற்குப் பக்கத்தில் எந்தக் கோப்பில் எந்தத் தாள் என்று எழுத முடிய வேண்டும். முடியாவிட்டால் அது ஆம் இல்லை. 'இல்லை' என்றால் நிலைமை என்ன, யார் சரிசெய்வார், எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி. 2021 படிவத்தில் எங்களுக்கு 19 'இல்லை' இருந்தது. ஆர்டர் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் போட்ட ஒரு தொழிற்சாலையை எனக்குத் தெரியும், முன்னறிவிப்பில்லாமல் வந்த தணிக்கையில் மாட்டியது. பிரச்சினை இருந்ததற்காக அல்ல, பொய் சொன்னதற்காகவே வாடிக்கையாளர் போய்விட்டார்.

படிவத்தோடு ஓர் ஒப்பந்தத் தாளும் வரும். 'எல்லா மனித உரிமை, சுற்றுச்சூழல் சட்டங்களும் எங்கள் விநியோகச் சங்கிலி முழுவதிலும் கடைப்பிடிக்கப்படுகின்றன என உறுதியளிக்கிறோம்' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு இரும்புத் தகடு விற்பவரின் சுரங்கம் வரைக்கும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள் என்று அர்த்தம். ஜெர்மன் சட்டம் தன் கடமையை அப்படியே சப்ளையர் தலையில் கட்ட அனுமதிப்பதில்லை, அதைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமே அப்படி விளக்கம் வெளியிட்டிருக்கிறது. 'எங்களால் நியாயமாக முடிந்த முயற்சிகளைச் செய்வோம், குறை தெரிந்தால் தெரிவித்து இணைந்து சரிசெய்வோம்' என்று மாற்றி அனுப்புங்கள். நான் மூன்று முறை மாற்றி அனுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் ஏற்றுக்கொண்டார்கள்.

புகார் வழி பற்றியும் கேட்பார்கள். எங்களிடம் கேண்டீனில் புகார்ப் பெட்டி இருந்தது. 14 மாதத்தில் வந்தது ஒரே சீட்டு, கோழிக்கறியில் உப்பு அதிகம் என்று. அப்புறம்தான் தலை நிமிர்ந்து பார்த்தேன், பெட்டிக்கு நேர் மேலே சிசிடிவி. இப்போது ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கிறது, நேபாளியிலும் வங்காளத்திலும் குரல் செய்தி அனுப்பலாம். கேட்பவர் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர். முதல் மாதமே 11 செய்தி. தவ்கே கவலைப்பட்டார், நான் நிம்மதியானேன்.

சுற்றுச்சூழல் பகுதி எங்களைப்போன்ற இடத்துக்குச் சுலபம், ஒழுங்காக எழுதிவைத்தால். பழைய எண்ணெய், எண்ணெய்த் துணி, காலி ரசாயனப் பீப்பாய் எல்லாம் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டிருக்கும் அபாயக் கழிவு. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக்கூடாது, உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். லோரிக்காரர் மலிவாகக் கேட்டார் என்று கொடுத்தால் அது ஜூரு ஆற்றில் போய்ச் சேரும், 2024-இல் திருத்திய சட்டப்படி அபராதம் 10 மில்லியன் வெள்ளி வரை போகலாம். கார்பன் கணக்குக்கு மின் கட்டண ரசீது 12 மாதத்துக்கு எடுத்துவையுங்கள். மின் யூனிட்டைக் கார்பனாக மாற்றப் பெருக்க வேண்டிய எண்ணை எரிசக்தி ஆணையம் வெளியிடுகிறது. ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

தணிக்கை நாளன்று தொழிலாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுக்காதீர்கள். புதுச் சட்டையும் வேண்டாம். தணிக்கைக்காரர் தனியாகப் பேசக் கேண்டீனுக்குப் பின்னால் ஓர் அறை, கதவு மூடக்கூடியது, அது போதும்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி போன் செய்தார். அளவு நாடாவோடு ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறார். "அக்கா, எட்டுப் பேர் இருக்கிற ரூம், நாலு பேருக்குத்தான் வருது. இப்ப என்ன எழுதுறது?" என்றார். எட்டு என்று எழுதுங்கள், பக்கத்தில் தேதி போடுங்கள் என்றேன். எங்கள் தவணைப் பட்டியலில் இன்னும் மூன்று பேர் பாக்கி, ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறார், அவர் வங்கிக் கணக்கு எண்ணுக்காகக் காத்திருக்கிறேன்.